வினைச்சொல் இரண்டாம் நிலையில்

பிசாயா மொழி கற்பிக்கும் அந்த மையத்தின் வாசலில் ஒரு பலகை இருந்தது. வளாகத்துக்குள் பிசாயா பேசக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

தார்மோ அதை இரண்டு முறை படித்தான். பிறகு, டாக்ஸிக்காரர் வழியில் சொல்லிக்கொடுத்த காலை வணக்கத்தைக் காவலாளியிடம் சொன்னான்.

"மாயோங் புந்தாக்."

காவலாளி சுற்றுமுற்றும் பார்த்தார்.

"மெதுவா சார். இங்க அந்தப் பேச்சு கூடாது."

"இங்கதானே கத்துக் குடுக்கறாங்க?"

"கத்துக் குடுப்பாங்க சார். பேச விட மாட்டாங்க."

மேசை இழுப்பறையிலிருந்து நூல் கட்டிய அட்டை ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் மாட்டினார். 'நான் ஆங்கிலத்தில் பேசுவேன்' என்று அதில் இருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. மேல கேமரா இருக்கு. உள்ள வேற யாராவது வாயைத் தொறந்தா இது அவங்ககிட்டப் போயிரும். அதுவரைக்கும் உங்ககிட்ட."

எங்கள் ஊரில் படித்த எல்லோரும் சின்ன வயதில் இந்த அட்டையைப் போட்டிருக்கிறோம். நாற்பத்தைந்து வயதில் போட்ட முதல் ஆள் தார்மோவாக இருக்கலாம்.

அவன் எஸ்தோனியாக்காரன். கப்பலில் இயந்திர மெக்கானிக். வருடத்தில் பெரும்பகுதி கடலில் இருந்தான். மிச்ச நாட்களில் பிலிப்பைன்ஸில், எங்கள் செபுவில் நெனிட்டாவோடு இருந்தான். முறையாகக் கல்யாணம் பதிவாகவில்லை. அடுத்த விடுப்பில் செய்துகொள்ளலாம் என்று ஒவ்வொரு விடுப்பிலும் சொல்லிக்கொண்டார்கள். நெனிட்டா டெங்குவில் இறந்தபோது அவன் சிலிக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தான்.

மகளுக்கு ஆறு வயது. தார்மோவில் பாதி, நெனிட்டாவில் பாதி எடுத்து தார்னி என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்குப் பிசாயா மட்டும்தான் தெரியும். அவன் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேசுவான். நெனிட்டா அதை மகளுக்குச் சொல்வாள். மகள் சொல்வதை அவனுக்குச் சொல்வாள். இப்போது நடுவில் ஆள் இல்லை.

அவன் கப்பல் வேலையை விட்டான். செபுவை ஒட்டிய மண்டாவேயில் ஒரு வீடு பிடித்தான். குழந்தையை அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டுக் குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போனான். அதிகாரி திருமதி மக்ஸினோ மணிலாவிலிருந்து மாற்றலாகி வந்தவர்.

"கொழந்தையோட பாஷை தெரியாத ஆள்கிட்ட கொழந்தைய எப்படிக் குடுக்கறது?" என்று அவர் கேட்டார். "அங்கீகாரம் உள்ள எடத்துல முதல் நிலை சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அப்புறம் கொழந்தைகிட்ட ஒரு கேள்வி கேப்போம். அவ்வளவுதான்."

"ஒரே ஒரு கேள்வியா?"

"ஒரு கேள்விதான். பதில் பதிவாயிட்டா அவளுக்குப் பன்னெண்டு வயசு முடியறவரைக்கும் மறுபடி கேக்க மாட்டோம். அடிக்கடி கேட்டாக் கொழந்த மனசு பாதிக்கும்."

திருமதி மக்ஸினோவுக்கும் பிசாயா தெரியாது. அவரிடம் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை.

அங்கீகாரம் உள்ள இடம் ஒன்றுதான் இருந்தது. தாய்மொழி மேன்மை மையம். அங்கே வெளிநாட்டினருக்கான சிறு குழு வகுப்பு தொடங்குவதாக நகரம் முழுவதும் பதாகை கட்டியிருந்தார்கள். பதாகையில் இயக்குநர் டாக்டர் பெர்பெத்துவா லுமாப்பாஸின் முகம் பெரிதாக இருந்தது. மொழியின் பெயர் சிறிதாக இருந்தது.

சிறு குழு என்பது மூன்று பேர். தார்மோ, ஒரு கொரியப் போதகர், வௌட்டர் என்ற டச்சுக் கிழவர். தொடக்க விழா மேடையில் பதினொரு பேர் இருந்தார்கள். ஜெபம், தேசிய கீதம், மாகாண கீதம், மைய கீதம். பேச்சாளரை ஒருவர் அறிமுகப்படுத்தினார். அறிமுகப்படுத்தியவரை முன்னதாக இன்னொருவர் அறிமுகப்படுத்தினார். அலுவலக ஊழியர்கள் ஒரு நடனம் ஆடினார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் நடந்தது. நடனமும் அமெரிக்கப் பாட்டுக்கு.

கடைசியில் இயக்குநர் பேசினார்.

"நம் தாய்மொழி ஒரு மாணிக்கம். மாணிக்கத்தைக் கொண்டுபோய் யாரும் சந்தையில் மீன் வாங்க மாட்டார்கள். பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். இந்த மையம் அந்தப் பெட்டி. நான் அந்தப் பூட்டு."

கைதட்டினார்கள்.

"என் பிள்ளைகள் மூவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். மூவருக்கும் பிசாயா ஒரு வார்த்தை வராது. அதனால் அவர்கள் வாயில் நம் மொழி ஒரு நாளும் சிதைந்ததில்லை. ஒரு தாயாக இதைப் பெருமையோடு சொல்கிறேன். வீட்டில் நான் பிசாயா பேசுவது சமையல்காரியிடமும் நாயிடமும்தான். இருவரும் நல்ல முன்னேற்றம் காட்டுகிறார்கள்."

மறுபடியும் கைதட்டினார்கள். நூடுல்ஸ் பொட்டலங்களைக் கையில் பிடித்தபடி எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். சாப்பிட்ட பிறகு இன்னொரு படம். முதல் நாள் முடிந்தது.

"எப்படி இருக்கு?" என்று வௌட்டர் கேட்டார்.

"இன்னும் ஒரு வார்த்தை வரலையே."

"அவசரப்படாத தம்பி. நான் முதல் நிலையில நாலாவது தடவை உக்காந்திருக்கேன்."

"மூணு தடவையா ஃபெயில் ஆனீங்க?"

"ஏசி நல்லாருக்கு. நூடுல்ஸும் தப்பு சொல்ல முடியாது. வீட்ல பொண்டாட்டி நாள் முழுக்க என்னைப் பத்தி அவ அக்காகிட்டப் பேசறா. எனக்கு மட்டும் அது புரிஞ்சுச்சுன்னு வெச்சுக்க, குடும்பம் நிக்காது." தார்மோவின் கழுத்தைப் பார்த்தார். "அந்த அட்டைய இங்க குடு. கரன்ட் போனா விசிறிக்கலாம்."

வகுப்பு எடுத்தவள் லொரேலி. சின்னப் பெண். ஆங்கிலத்தில் பிசாயா நடத்தினாள். முதல் வாரம் நிறங்கள். அடுத்த வாரம் பழங்கள். பிறகு உடல் உறுப்புகள், வீட்டுச் சாமான்கள், புனிதர்களின் பெயர்கள். தார்மோ எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தான். அலமாரிக்குச் சொல் தெரிந்தது. முழங்கைக்குத் தெரிந்தது. ஒரு நாள் கையைத் தூக்கினான்.

"வா, உக்காரு, சாப்பிடு. இதெல்லாம் எப்ப வரும்? என் பொண்ணுகிட்ட சொல்லணும்."

லொரேலி கதவைப் பார்த்தாள். "அது வினைச்சொல் சார். வினைச்சொல் ரெண்டாம் நிலையில."

அவன் இயக்குநரைப் போய்ப் பார்த்தான். அவர் அறையில் பன்னிரண்டு கேடயங்கள் இருந்தன. உட்காரச் சொன்னார்.

"வெளிநாட்டுக்காரர் இங்க வந்து முதல்ல என்ன செய்வார், மிஸ்டர் தார்மோ? ஒண்ணும் செய்ய மாட்டார். மத்தவங்கதான் எல்லாம் செஞ்சு குடுப்பாங்க. வேணுங்கற பொருளோட பேரச் சொன்னாப் போதும், கையில வந்துரும். அப்ப வினைச்சொல் எதுக்கு? நாங்க ஆராய்ச்சி பண்ணித்தான் பாடம் வெச்சிருக்கோம்."

"என் மகள்கிட்ட..."

"மகளுக்கு ரெண்டாம் நிலை இருக்கு. அடுத்த வருஷம். போதுமான ஆள் சேந்தா."

அப்படியானாலும் முதல் நிலையில் ஒரு பாடத்தில் வினை போன்ற ஒன்று இருந்தது. பதினேழாம் பக்கம். தெருவில் பாதுகாப்பு என்று தலைப்பு. வியாபாரிகள் தொந்தரவு செய்தால் சொல்ல வேண்டியது: அயாவ் கோ. பொருள்: எனக்கு வேண்டாம்.

தலைநகர் மணிலாவில் பேசுகிற மொழியில் அதற்கு அப்படித்தான் பொருள். புத்தகம் மணிலாவில் தயாரானது. எங்கள் பேச்சில் அது முற்றுப்பெறாத வாக்கியம். என்னை ஏதோ செய்யாதே என்று தொடங்குகிறது. என்ன செய்யக் கூடாது என்பது அடுத்த சொல்லில் வரும். அடிக்காதே என்று வரலாம். மறக்காதே என்று வரலாம். விட்டுப் போகாதே என்று வரலாம். அது வரும்வரை கேட்கிறவர் காத்திருக்க வேண்டும். எனக்கு வேண்டாம் என்பதற்கு வேறு சொல் இருக்கிறது. அது புத்தகத்தில் இல்லை.

அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில், குச்சியில் கோத்துப் பொரித்த வாழைப்பழம் விற்கிற பெண் ஒரு குச்சியை அவனிடம் நீட்டினாள்.

"அயாவ் கோ," என்றான் தார்மோ.

அவள் காத்திருந்தாள். அவன் மேலே ஒன்றும் சொல்லவில்லை.

"உன்ன என்ன பண்ணக் கூடாது?" என்று பிசாயாவில் கேட்டாள். "சொல்லு ஜோ. நான் உன் மேல கைய வெக்கலையே." வெள்ளைக்காரர் யாராக இருந்தாலும் எங்கள் தெருவில் அவர் பெயர் ஜோ.

"அயாவ் கோ."

"ஏய், இங்க வாங்கடி. இவன என்னமோ பண்ணக் கூடாதாம். என்னன்னு கேட்டாச் சொல்ல மாட்டேங்கறான். வெக்கப்படறான்."

பக்கத்துக் கடைப் பெண்கள் வந்து நின்று சிரித்தார்கள். அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஒரு குச்சி வாங்கிக்கொண்டு போனான்.

மறுநாள் வகுப்பில் அதைச் சொன்னான். "அந்த வார்த்தையச் சொன்னாச் சிரிக்கறாங்க. சரியாத்தான் சொல்றேனா?"

லொரேலி வாயைத் திறந்தாள். கதவருகே இயக்குநர் நின்றிருந்தார்.

"தெருவுல பேசறது பிசாயா இல்ல, மிஸ்டர் தார்மோ," என்றார் இயக்குநர். "அது பழக்கம். நீங்க சுத்தமாப் பேசறீங்க. அவங்களுக்குப் பழக்கமில்ல. அதான் சிரிக்கறாங்க."

வகுப்பு முடிந்ததும் லொரேலியை அறைக்குக் கூப்பிட்டார்.

"பதினேழாம் பக்கத்தப் பத்தி நீ மறுபடி ஏதோ சொல்ல வந்த."

"மேடம், நம்ம ஊர்ல அதுக்கு அந்த அர்த்தம் இல்லையே. உங்களுக்கே தெரியும்."

"எனக்குத் தெரியறது இருக்கட்டும். புத்தகம் தப்புன்னா மணிலா தப்பு. மணிலா தப்புன்னா நம்ம அங்கீகாரம் தப்பு. அங்கீகாரம் தப்புன்னா உன் வேலை தப்பு. இப்ப எது தப்புன்னு நீயே சொல்லு."

லொரேலி யோசித்தாள். அவள் சம்பளத்தில் தம்பி ஒருவன் மாலுமிப் படிப்பு படித்துக்கொண்டிருந்தான்.

"என் உச்சரிப்பு தப்பு மேடம்."

"நல்ல பொண்ணு."

ஞாயிற்றுக்கிழமைகளில் தார்மோ பேருந்து பிடித்து அர்காவுக்குப் போனான். தார்னி அங்கே நெனிட்டாவின் தங்கை டெல்ஃபாவிடம் இருந்தாள். டெல்ஃபாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெட்டிக்கடை வைத்திருந்தாள். ஐஸ் குச்சி வைத்து விற்கிற பழைய உறைபெட்டி ஒன்று கடையில் செத்துக் கிடந்தது. தார்மோ அதைப் பிரித்துப் போட்டான். தார்னி பக்கத்தில் குந்திக்கொண்டாள்.

"பா, அந்த இத எடுத்து இதுல வெச்சு இது பண்ணு."

இது என்று நான் எழுதுவதை எங்கள் மொழியில் குவான் என்போம். பெயர் மறந்தால் குவான். பெயர் தெரியாவிட்டால் குவான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் குவான். பொருளுக்கும் அது, செயலுக்கும் அது. தார்மோ இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே அதைப் பிடித்துக்கொண்டான்.

"குவான்," என்று கையை நீட்டுவான்.

"எந்தக் குவான்?"

"குவான்."

அவள் சரியான ஸ்பானரைக் கொடுப்பாள். நாள் முழுவதும் இருவரும் அப்படிப் பேசினார்கள். சண்டைகூடப் போட்டார்கள். உறைபெட்டி ஓடத் தொடங்கியதும் அவள் அதன் மேல் காதை வைத்துப் படுத்துக்கொண்டாள். பிறகு அவன் கையில் படுத்துத் தூங்கிவிட்டாள். டெல்ஃபா கொடுத்ததையெல்லாம் அவன் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்லும் தேவை அந்த வீட்டில் வரவில்லை.

"மச்சான், அவள ரொம்பப் பழக்காதீங்க," என்றாள் டெல்ஃபா. அவளுடைய ஆங்கிலம் கடைக்குப் போதுமானது.

"ஏன்?"

"நீங்க கப்பலுக்குப் போற ஆளு. போனா நான்தான் சமாதானம் பண்ணணும்."

"வேலைய விட்டுட்டேனே."

"எங்கக்காகிட்டயும் வருஷா வருஷம் இததான் சொன்னீங்க." தூங்குகிற குழந்தையின் தலையில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். "அவ இல்லாத வீடு எனக்கு எப்படி இருக்கும்னு நான் நெனச்சுப் பாக்கறதில்ல."

மாலையில் கிளம்பும்போது தார்னி விழித்துக்கொள்வாள். போகிறேன், அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்ல அவனுக்கு வினைச்சொல் இல்லை. தெரிந்த பெயர்ச்சொற்களை வைத்துச் சொன்னான். "பாப்பா. பாலாய்." அப்பா. வீடு. அப்பா வீட்டுக்குப் போகிறார் என்று அவள் புரிந்துகொள்வாள். ஒவ்வொரு முறையும் பேருந்து வரை வந்து அழுவாள். ஒவ்வொரு வாரமும் அந்த இரண்டு சொல்லுக்கு அவளுக்கு அழுகை வந்தது.

வகுப்பில் ஒரு நாள் பென்சில் கீழே விழுந்தது. "குவான்," என்று தார்மோ தன்னை அறியாமல் வௌட்டரிடம் கை நீட்டினான். அவர் எடுத்துக் கொடுத்தார். தார்மோவின் கழுத்துக்கு மறுபடி அட்டை வந்தது. அத்தோடு இயக்குநர் ஒரு நாள் கருத்தரங்கு ஏற்பாடு செய்தார். குவான் ஒழிப்பு என்று பதாகை. மாணவர்கள் மூவரும் முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள்.

"குவான் ஒரு சொல் அல்ல," என்றார் இயக்குநர். "அது சோம்பேறித்தனம். சிந்திக்க மறுப்பவன் சொல்வது. ஒரு நாகரிக மனிதனுக்கு எந்த இடத்திலும் சரியான சொல் கிடைக்கும். ஏனென்றால் மொழி என்பது ஒரு... ஒரு..." நெற்றியைத் தேய்த்தார். "ஒரு குவான்."

பின்னால் நின்ற காவலாளியின் கை பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்த அட்டைக்குப் போனது. மையத்தின் மேலாளர் ஒரு பார்வை பார்த்தார். கை திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். கொரியப் போதகர் அந்த வரியைக் குறித்துக்கொண்டார்.

தேர்வு வந்தது. வாய்மொழித் தேர்வு அட்டவணையில் இருந்தது. ஆனால் அதற்கு வளாகத்துக்குள் பிசாயா பேச வேண்டியிருக்கும். விதி மீறலைத் தவிர்க்க அதை ரத்து செய்தார்கள். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் இருந்தது. பிசாயா மொழியின் சிறப்பு எது என்று ஒரு கேள்வி. இனிமை, தொன்மை, எளிமை, மேற்கண்ட அனைத்தும். அயாவ் கோ என்பதன் பொருள் என்ன என்று ஒரு கேள்வி. தார்மோ முழு மதிப்பெண் வாங்கினான். வௌட்டர் நிம்மதியாகத் தோற்றார்.

பட்டமளிப்பு விழாவில் அவனுக்கு அங்கி போட்டார்கள். நகரத்தின் பழைய பதாகைகள் இறங்கின. புதியவற்றில் இயக்குநரின் முகத்துக்குக் கீழே தார்மோவின் முகமும் இருந்தது. சான்றிதழ் பெற்ற முதல் ஐரோப்பியர் என்று போட்டிருந்தது.

"இப்ப நீங்க எங்க மொழியோட சொத்து," என்றார் இயக்குநர் மேடையில் கை குலுக்கியபடி. "அங்கே கேமராவப் பாருங்க."

விசாரணை நாளன்று டெல்ஃபா தார்னியை அழைத்து வந்தாள். குழந்தைக்குப் புதுச் செருப்பு. டெல்ஃபா கையில் குடை. நல அலுவலகத்தின் அந்த அறையில் திருமதி மக்ஸினோவும் ஒரு தட்டச்சுக்காரியும் இருந்தார்கள். இயக்குநரும் வந்திருந்தார், புகைப்படக்காரரோடு. மையத்தின் பட்டதாரி ஒருவர் அரசு அலுவலகத்தில் மொழியைப் பயன்படுத்துவது இதுவே முதல் முறை. அதைப் பதிவு செய்ய வேண்டியிருந்தது.

"கொழந்தை சொல்றத ஆங்கிலத்துல பதிவு பண்ணணும்," என்றார் திருமதி மக்ஸினோ. "மொழிபெயர்க்கறவர்கிட்ட சான்றிதழ் இருக்கணும். விதி. யார்கிட்ட இருக்கு?"

டெல்ஃபா எழுந்தாள். "நான் பொறந்ததுலேர்ந்து பேசறேன் மேடம்."

"சான்றிதழ் இருக்கா?"

"பேசறதுக்கா?"

"உக்காருங்க." தட்டச்சுக்காரியைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். இயக்குநரைப் பார்த்தார்.

"நான் சான்றிதழ் குடுக்கறவ," என்றார் இயக்குநர். "வாங்கறவ இல்ல."

அறையில் ஐந்து பேர் பிசாயாவில் பிறந்தவர்கள், குழந்தையையும் புகைப்படக்காரரையும் சேர்த்து. சான்றிதழ் தார்மோவிடம் மட்டும் இருந்தது.

"அவர்தானே மனுதாரர்," என்றாள் தட்டச்சுக்காரி.

திருமதி மக்ஸினோ விதிகளைப் புரட்டினார். மொழிபெயர்ப்பவர் சான்றிதழ் பெற்றவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. அப்பாவாக இருக்கக் கூடாது என்று இல்லை.

"சரி, மிஸ்டர் தார்மோ. அப்பாவோட வீட்ல இருக்க விரும்பறியான்னு கேளுங்க."

தார்மோ மகளின் முன்னால் மண்டியிட்டான். இருக்க என்பது வினைச்சொல். விரும்ப என்பதும். அவன் யோசித்தான். பிறகு சொன்னான்.

"நீ. பாப்பா. பாலாய்."

நீ என்பதை அவள் கவனிக்கவில்லை. கடைசி இரண்டு சொல்லையும் அவள் நன்றாக அறிவாள். உதடு கோணியது. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அயாவ் கோ," என்றாள். அழுகை வந்து அடைத்தது. மூச்சை இழுத்து மிச்சத்தைச் சொன்னாள். "பியாயி."

பியாயி என்றால் விட்டுப் போவது. என்னை விட்டுப் போகாதே என்றாள்.

"முதல் வார்த்தையிலயே பதில் வந்தாச்சு," என்றார் திருமதி மக்ஸினோ. "இது எனக்கே புரியுது. எங்க ஊர்லயும் இதேதான். எழுதிக்கோங்க."

தட்டச்சுக்காரியின் விரல்கள் நகரவில்லை. "மேடம், அவ சொன்னது..."

"உங்ககிட்ட சான்றிதழ் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப டைப் பண்ணுங்க. மிஸ்டர் தார்மோ, நீங்க சொல்லணும். முறைக்கு."

தார்மோ நிமிர்ந்து இயக்குநரைப் பார்த்தான். இயக்குநர் அந்த மாகாணத்தில் பிறந்தவர். அவருடைய அம்மா அவரைச் சந்தைக்குக் கூட்டிப்போகாமல் கிளம்பிய காலைகளில் அவரும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார். அவர் கைப்பையின் பூட்டைத் திறந்தார். மூடினார்.

"பதினேழாம் பக்கம்," என்றார். "புத்தகத்துல இருக்கறபடி சொல்லுங்க."

டெல்ஃபா வாயைத் திறந்தாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு மடியிலிருந்த குடையின் மடிப்புகளைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

தார்மோ பதினேழாம் பக்கத்தை நினைத்துப் பார்த்தான். புத்தகத்தில் மற்ற எதைப் பற்றிச் சந்தேகம் இருந்தாலும் இந்தச் சொல்லைப் பற்றி இல்லை. முழு மதிப்பெண் வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குத் தன்னைப் பிடிக்கும் என்று நினைத்திருந்தான். ஆனால் அப்போது அவனிடம் சான்றிதழ் இல்லை.

"எனக்கு வேண்டாம்னு சொல்றா," என்றான்.

தட்டச்சுப் பொறி ஓடியது.

"மேல்முறையீடு பண்ணலாம்," என்றார் திருமதி மக்ஸினோ, கொஞ்சம் இளகி. "நீங்க எதிர்த்தா இன்னொரு நாள் வெப்பாங்க."

"அவளே வேண்டாம்னு சொல்றப்ப நான் எதுக்கு எதிர்க்கணும்?" என்றான் அவன். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டான். புகைப்படக்காரர் அதை எடுத்தார்.

"பேனாவக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க," என்றார் இயக்குநர். "இன்னொண்ணு."

கதவு வரை தார்னி அவன் சட்டையை விடவில்லை. டெல்ஃபா இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. அவன் மறுபடி மண்டியிட்டான். அவள் முழு வாக்கியத்தையும் திரும்பச் சொன்னாள். இப்போது அழாமல், பாடம் ஒப்பிப்பதுபோல் தெளிவாகச் சொன்னாள். "அயாவ் கோ பியாயி."

இந்த முறை அவன் கடைசிச் சொல்வரை கேட்டான். பியாயி. அந்தச் சொல் புத்தகத்தில் இல்லை. பெயர்ச்சொல் என்று எடுத்துக்கொண்டான். அவனுக்குத் தெரிந்தவை எல்லாம் பெயர்ச்சொற்கள்தான். ஏதோ ஒரு பொருள். உணவாக இருக்கலாம். ஊசியாக இருக்கலாம். அவளுக்கு அது வேண்டாம். அவளை இவ்வளவு பயமுறுத்துகிற அந்த ஒன்று அவள் பக்கத்தில் வராமல் இருக்கட்டும் என்று நினைத்தான். அதைச் சொல்ல அவனிடம் ஒரு சொல் இருந்தது. வாலா. இல்லை.

"வாலா," என்றான். "பியாயி வாலா."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நெஜமா?" என்று பிசாயாவில் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

"என்ன சுத்தமான உச்சரிப்பு, பாத்தீங்களா," என்று இயக்குநர் திருமதி மக்ஸினோவிடம் சொன்னார்.

தார்னி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சட்டையை விட்டாள். கசங்கிய இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை நீவிவிட்டாள். அவன் எழுந்து படி இறங்கினான்.

"சித்தி," என்றாள் தார்னி. "பா போக மாட்டாராம்."

டெல்ஃபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே தெருக்கதவு ஒரு முறை திறந்து மூடியது.